கூட்டம் எப்போது குழுவாகிறது?

"திருமலைச் சனம் இதை ஒருநாளும் ஏற்காது." "மீன்பிடிக்கிற ஆக்கள் எல்லாரும் ஒரே முடிவிலதான் நிக்கிறாங்க." "இந்தக் காலத்துப் பொடியன்களுக்குப் பொறுப்பில்லை." தேநீர்க்கடை வாங்கிலிருந்து தேர்தல் மேடை வரை இப்படியான பேச்சுத் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் அந்தச் சனம் எங்கே கூடியது, யாரோடு யார் பேசி முடிவெடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், பதில் வராது. ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத மூன்று விஷயங்களை ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவதால் வருகிற குழப்பம் இது. சமூகவியலின் ஆரம்பப் பாடத்திலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் அதை மறந்துவிடுகிறோம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். உதாரணம் தேடித் தூரம் போகவேண்டாம், எல்லாம் திருகோணமலையிலேயே கிடக்கிறது.

மூன்று விதமான "பலர்"

காலை நேரம் பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ்ஸுக்கு நிற்பவர்களை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நிற்கிறார், ஒருவர் வடை வாங்குகிறார், ஒரு தாய் பிள்ளையின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிடுகிறார். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே பஸ். அதற்குமேல் எதுவும் இல்லை. ஒருவர் மனம் மாறி வீட்டுக்குத் திரும்பினால், ஏன் போகவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள். இப்படி ஒரே இடத்தில் இருக்க நேர்ந்தவர்களைத் திரள் என்கிறோம். திரளிலும் ஒரு பழக்கவழக்கம் உண்டு. எதிரில் வருபவரை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்கிறோம், வரிசையில் கொஞ்சம் இடம்விட்டு நிற்கிறோம். அது முன்பின் தெரியாதவர்களுக்குள் இருக்கிற மரியாதை. அதை வைத்து அவர்களைக் குழு என்று சொல்லிவிட முடியாது.

அடுத்து, மாவட்டத்தில் இந்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள். மூதூரில் ஒருவர், குச்சவெளியில் ஒருவர், கந்தளாயில் ஒருவர் என்று சிதறி இருக்கிறார்கள். ஒரே இடத்தில் கூடியதே கிடையாது. ஆனால் ஒரு பண்பு பொதுவாக இருப்பதால் ஒரே பட்டியலில் வருகிறார்கள். இது சமூக வகை. மீனவர், முச்சக்கர வண்டி ஓட்டுநர், ஓய்வூதியக்காரர், இடக்கைப் பழக்கமுள்ளவர் எல்லாம் வகைகள்தான். இனமும் மதமும்கூட முதலில் ஒரு வகைதான். இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வருவதைப் பார்த்திருக்கிறேன். பரவாயில்லை, கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

மூன்றாவது, நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிற ஆட்கள். இன்றைக்கு ஒருவர் வரவில்லையென்றால் மற்றவருக்கு உடனே தெரியும், ஏன் வரவில்லை என்றும் தெரியும், அவர் இடத்தில் யார் நிற்கவேண்டும் என்றும் தெரியும். இது குழு. இரண்டு பேரோ அதற்கு மேலோ தொடர்ந்து ஒருவரோடொருவர் பழகி, மற்றவரிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று அறிந்து, தங்களை "நாங்கள்" என்று எண்ணிக்கொண்டால் அது குழு.

கடையில் சுற்றி வைத்திருக்கிற நைலோன் நூலை யாரும் வலை என்று சொல்வதில்லை. நூலுக்கும் நூலுக்கும் முடிச்சு விழவேண்டும். ஆட்களை நூல் என்று வைத்துக்கொண்டால் அவர்களுக்குள் நடக்கிற கொடுக்கல் வாங்கல், பேச்சு, கோபதாபம், கடன், நம்பிக்கை எல்லாம் முடிச்சுகள். எத்தனை கிலோ நூல் இருக்கிறது என்ற கணக்கு, எத்தனை முடிச்சு விழுந்திருக்கிறது என்பதைச் சொல்லாது.

இந்த மூன்றும் நிரந்தரமான பெட்டிகளும் இல்லை. அதே கொழும்பு பஸ் இரவில் ஹபரணைக் காட்டுப் பாதையில் பழுதாகி நிற்கட்டும். அரை மணித்தியாலத்தில் ஒருவர் டிப்போவுக்குத் தொலைபேசி எடுக்கத் தொடங்குவார், ஒருவர் வெளிச்சம் பிடிப்பார், யாரோ ஒருவரின் பிஸ்கட் பக்கெட் பிள்ளைகளிடம் போகும். "யானை வரும், இறங்காதீங்க" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். காலையில் திரளாக ஏறியவர்கள் இப்போது குழுவின் வாசலில் நிற்கிறார்கள். மாற்று பஸ் வந்து அவரவர் இருக்கையில் அமர்ந்ததும் மீண்டும் திரளாகிவிடுவார்கள்.

வாட்ஸ்அப்பில் "குரூப்" என்ற பெயரில் இருப்பவற்றையும் இதே கேள்வியை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் விலகினால் மற்றவர்கள் கவனிப்பார்களா? அதில் யாரிடமாவது எதையாவது எதிர்பார்க்க முடியுமா? காலை வணக்கப் படம் மட்டும் வந்து விழுகிற இடமென்றால் அது பஸ் நிலையத்துக்கு ஒப்பானதுதான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: இடத்தால் சேர்ந்தது திரள். பண்பால் சேர்ந்தது வகை. ஊடாட்டத்தாலும், அதாவது ஒருவரோடொருவர் பழகுவதாலும், எதிர்பார்ப்பாலும் சேர்ந்தது குழு.

பெயர் ஒன்றானால் நோக்கமும் ஒன்றாகுமா?

வகையைக் குழு என்று எடுத்துக்கொள்வதுதான் நம்மிடம் அதிகம் நடக்கிற தவறு. "மீனவர்" என்ற வகைக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கரைவலை வைத்திருக்கிற சம்மாட்டி இருக்கிறார். அவரிடம் பங்குக்கு இழுக்கிற தொழிலாளி இருக்கிறார். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் இரவு போய் விடியத் திரும்புகிறவர் இருக்கிறார். ஆழ்கடலில் பல நாள் தங்குகிற படகின் முதலாளியும் இருக்கிறார். கரைவலைக்காரருக்குக் கரையோரக் கடல் தடையின்றி இருக்கவேண்டும். அங்கே வேறொருவர் வலை போட்டு வைத்தால் சண்டைதான். கயிற்றைக் கையால் இழுக்காமல் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச்சால் இழுக்கலாமா என்ற பிரச்சினை வந்தால், சம்மாட்டி ஒரு மாதிரிச் சொல்வார், இழுக்கிற தொழிலாளி வேறு மாதிரிச் சொல்வார். நால்வரும் மீனவர்தான். அரச பட்டியலில் நால்வருக்கும் ஒரே பெயர். ஆனால் நால்வரும் ஒரே முடிவில் இருக்கிறார்கள் என்று சொல்ல, அவர்கள் எங்காவது கூடிப் பேசியிருக்கவேண்டும்.

இப்படிப் பேசிக் கூட்டுறவுச் சங்கமோ மீனவர் சங்கமோ அமைத்து, அங்கத்தவர் பெயர் எழுதி, பொறுப்பாளர் தெரிந்து, சந்தா வாங்கத் தொடங்கினால், அந்த வகையின் ஒரு பகுதி குழுவாகிறது. ஒரு பகுதிதான். சங்கத்தில் சேராதவர் அப்போதும் வெளியேதான் நிற்பார். சங்கத் தலைவர் "மீனவர் சார்பில்" பேசும்போது, எந்த மீனவர் என்று கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. இதையே இனத்துக்கும் மதத்துக்கும் பொருத்திப் பாருங்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் பெருந்தொகையாகச் சேர்ந்து வாழ்கிற மாவட்டம் இது. "அவர்கள் முடிவெடுத்துவிட்டார்கள்" என்று ஒரு முழு வகையையும் ஆளாக்கிப் பேசுகிற பழக்கம் இங்கே எத்தனை வீணான பயத்தை விதைத்திருக்கிறது என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கயிற்றின் இரண்டு முனைகள்

குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கரைவலையில் பார்ப்பதுபோல வேறெங்கும் தெளிவாகப் பார்க்க முடியாது. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து கடல் அடங்கியபின் போய் நின்று பாருங்கள். ஒரு கயிற்றின் முனை கரையில் இருக்கும். வலையை ஏற்றிய தோணி கடலுக்குள் போய், பெரிய வளைவாக வலையை இறக்கிக்கொண்டு, கொஞ்சம் தள்ளி வேறோர் இடத்தில் இரண்டாவது கயிற்றோடு கரைக்கு வரும். பிறகு இரண்டு முனையிலும் இரண்டு அணிகள் நின்று இழுப்பார்கள். இழுக்க இழுக்க இரண்டு அணியும் ஒன்றையொன்று நோக்கி நகரும். கடைசியில் நடுவிலுள்ள மடி கரையேறும்போது எல்லாரும் ஒரே இடத்தில் நிற்பார்கள்.

இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, அந்த வேலைக்கென்று ஓர் எதிர்பார்ப்பு. தோணியில் போகிறவர், கடலைப் பார்த்து மீன் கூட்டம் சொல்கிறவர், கயிற்றின் முன்னால் தண்ணீரில் நிற்கிறவர், பின்னால் கயிற்றைச் சுருட்டுகிறவர். இப்படி ஓர் இடத்தில் இருக்கிறவரிடம் மற்றவர்கள் எதிர்பார்க்கிற நடத்தைக்கு வகிபாகம் என்று பெயர். ஆள் மாறலாம், வகிபாகம் அப்படியே இருக்கும். கயிறு சுருட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய மகன் வந்து நிற்பான், எல்லாரும் அவனிடமும் அதே வேலையைத்தான் எதிர்பார்ப்பார்கள்.

எழுதி வைக்காத விதிகளும் உண்டு. இதற்கு நியமம் என்று பெயர். யாருடைய வலை முதலில் போவது, மடி கரையேறுமுன் யாரும் மீனில் கைவைக்கக்கூடாது, வழிப்போக்கர் ஒருவர் வந்து கொஞ்சநேரம் கயிறு பிடித்தால் கறிக்கு நாலு மீன் கொடுத்தனுப்புவது. நியமத்தை மீறியவருக்கு வழக்கோ அபராதமோ வராது. முதலில் ஒரு பார்வை, பிறகு ஒரு நக்கல். அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த நாள் கயிற்றில் இடமிருக்காது.

இப்போது கொஞ்சம் விஞ்ஞானம். மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் ஆட்களை விட்டுக் கயிறு இழுக்கச் செய்து, இழுவிசையை அளந்தார். 1913இல் முடிவுகளை வெளியிட்டார். ஆள் கூடக்கூட மொத்த விசை கூடியது, ஆனால் ஒவ்வொருவரின் பங்கும் குறைந்துகொண்டே போனது. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஒருவர் தனியே இழுத்தால் காட்டுகிற விசையில் சராசரியாகப் பாதியளவுதான் ஒவ்வொருவரிடமிருந்தும் கிடைத்தது.

பாதி எங்கே போனது? இரண்டு காரணங்கள். ஒன்று, எல்லாரும் ஒரே கணத்தில் இழுப்பதில்லை. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் மூச்சு வாங்குகிறார். மற்றது, பலரோடு சேர்ந்திருக்கும்போது "நான் கொஞ்சம் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது" என்று உடம்பு தானாகவே தளர்ந்துகொள்கிறது. இந்த இரண்டாவதற்குச் சமூகச் சோம்பல் என்று பெயர். 1979இல் அமெரிக்காவில் பிப் லட்டானேயும் இன்னும் இருவரும் கைதட்டவும் சத்தமிடவும் வைத்து இதைச் சோதித்தார்கள். மற்றவர்களும் தன்னோடு கத்துகிறார்கள் என்று நம்ப வைத்தாலே போதும், ஆள் சத்தத்தைக் குறைத்துவிடுகிறார்.

கரைவலைக்காரர்கள் இந்த ஆய்வை வாசித்தவர்கள் இல்லை. ஆனால் இரண்டு ஓட்டைக்கும் அவர்களிடம் அடைப்பு இருந்தது. முதலாவதுக்கு அம்பாப் பாட்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் "ஏலேலோ" என்று திருப்பிச் சொல்லும்போது எல்லாக் கால்களும் ஒரே கணத்தில் மணலில் ஊன்றும். பாட்டைப் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை கயிற்றைப் பிடித்துப் பார்க்கவேண்டும். இரண்டாவதுக்குப் பங்கு. நாட்கூலி என்றால் மீன் பட்டாலும் படாவிட்டாலும் காசு ஒன்றுதான். பங்கு என்றால் மடியில் வருவதில்தான் வயிறு இருக்கிறது. போதாததற்குப் பக்கத்தில் இழுப்பவர் மைத்துனராகவோ அயல்வீட்டுக்காரராகவோ இருப்பார், விட்டு இழுத்தால் அவருக்குத் தெரிந்துவிடும்.

வின்ச் வந்த இடங்களில் பாட்டுக்கு வேலையில்லை, ஆட்களும் அத்தனை பேர் தேவையில்லை. வேலை இலகுவானது என்று சிலர் சொல்கிறார்கள், இத்தனை குடும்பத்தின் பங்கு போய்விட்டது என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான். எங்கள் விஷயத்துக்கு முக்கியமானது வேறு: ஒரு கருவி மாறினால் வகிபாகம் மாறுகிறது, அதோடு நியமமும் மாறுகிறது, கடைசியில் முன்பிருந்த குழுவே இல்லாமல் போகலாம்.

சுருக்கம்: வகிபாகமும் நியமமும்தான் குழுவின் எலும்பு. ஆள் கூடினால் பலம் கூடும், ஆனால் அதே அளவில் கூடாது. ஒருங்கிணைப்பும் பொறுப்பும் இருந்தால் இழப்பைக் குறைக்கலாம்.

வீடும் சங்கமும்

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்ள்ஸ் ஹோர்ட்டன் கூலி 1909இல் ஒரு பிரிவினையைச் சொன்னார். முகத்துக்கு முகம் நெருங்கிப் பழகுகிற, ஆளை முழு ஆளாக அறிகிற சிறிய குழு முதல்நிலைக் குழு. குடும்பம், சிறுவயது விளையாட்டுக் கூட்டாளிகள், அயலட்டம் ஆகியவற்றை அவர் உதாரணமாகக் காட்டினார். பின்னால் வந்தவர்கள் இதற்கு எதிர்ப்பக்கத்துக்கு இரண்டாம்நிலைக் குழு என்று பெயர் வைத்தார்கள். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காகச் சேர்ந்து, அந்தக் காரியத்தின் அளவுக்கு மட்டும் ஒருவரையொருவர் அறிகிற குழு அது. பிரதேச செயலகத்தின் ஒரு கிளை, கூட்டுறவுச் சங்கம், தனியார் வகுப்பு.

இங்கே இரண்டு தப்பெண்ணங்கள். "முதல்நிலை" என்றால் உயர்ந்தது, அன்பு நிறைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மனிதரை முதலில் உருவாக்குகிற குழு என்பதுதான் கூலி சொன்னது. மிக மோசமான சண்டைகள் அங்கேதான் நடக்கும். காணி எல்லைக்காகப் பல வருடம் பேசாமலிருக்கிற அண்ணன் தம்பியும் முதல்நிலைக் குழுதான், பேசாமலிருப்பதும் ஒரு தீவிரமான ஊடாட்டம்தான். இரண்டாம்நிலை என்றால் போலியானது, காசுக்கானது என்பது மற்றத் தப்பெண்ணம். மரண உதவிச் சங்கத்தைப் பாருங்கள். மாதச் சந்தா, பற்றுச்சீட்டு, அங்கத்துவக் கொப்பி. எழுத்தளவில் வரண்ட அமைப்பு. ஆனால் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உறவினர் அழுதுகொண்டு நிற்க, தகரப்பந்தல், கதிரை, வெளிச்சம், தேநீர்ப் பானை எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் வந்து இறங்குவது அந்தக் கொப்பியின் பலத்தில்தான். அழுகிறவருக்கு அந்த நேரம் யாரிடமும் போய்க் கெஞ்சத் தேவையில்லை. உரிமையோடு வருகிறது. செத்த வீட்டில் உறவை மட்டும் நம்பி இருந்தால், உறவில்லாதவர் கதி என்ன?

ஒன்றுக்குள் மற்றது முளைப்பதும் வழக்கம். ஒரே கந்தோரில் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் பத்து வருடத்தில் பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நிலைக்கு வந்துவிடுவார்கள்.

இருவர், மூவர், இருபது பேர்

குழுவின் அளவு அதன் குணத்தையே மாற்றும் என்று காட்டியவர் ஜெர்மனியரான கியோர்க் சிம்மல். இரண்டு பேர் சேர்ந்தால் இருவர் குழு. படகு ஒருவருடையது, இயந்திரம் மற்றவருடையது என்று கூட்டுத் தொழில் செய்கிறவர்களை நினையுங்கள். ஒருவர் விலகினால் குழுவே இல்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் முழுப் பாரம். பெரும்பான்மை என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

மூன்றாமவர் வந்ததும் கதை மாறுகிறது. தாய் வீட்டுக் காணியைப் பங்கிடுகிற அண்ணன், அக்கா, தம்பி. தம்பி நினைத்தால் இருவருக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசலாம். இருவரும் அடிபட, தான் கிணற்றடிப் பக்கத்தைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இன்னும் ஒருபடி போய், ஒருவரைப் பற்றி மற்றவரிடம் சொல்லி அடிபாட்டை வளர்க்கவும் செய்யலாம். நடுவர், பயனடைபவர், பிரித்தாள்பவர் என்ற இந்த மூன்று வேடத்தையும் சிம்மல் எப்போதோ எழுதி வைத்துவிட்டார். எங்கள் காணி வழக்குகளைப் பார்த்து எழுதினாரோ என்று சிலவேளை தோன்றும்.

அதற்குமேல் கணக்கு வேகமாக ஏறும். மூன்று பேருக்குள் மூன்று உறவு. ஐந்து பேருக்குள் பத்து. பத்துப் பேருக்குள் 45. இருபது பேருக்குள் 190. ஆட்களின் எண்ணிக்கையை, அதில் ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால் இது வரும். 190 உறவையும் எல்லாராலும் பராமரிக்க முடியாது. அதனால்தான் பெரிய குழுவில் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வகிபாகம் பிரிகிறது, உள்ளுக்குள் சிறு கூட்டுகள் முளைக்கின்றன. சங்கத்தில் கோஷ்டி வந்துவிட்டது என்று அலுத்துக்கொள்கிறோம். பாதிக்குமேல் அது எண்கணிதத்தின் வேலை.

நாங்கள், அவர்கள்

தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் கிழக்குக் கரைக்கு வந்து வாடி என்கிற தற்காலிகக் குடிசை போடுவது பழைய வழக்கம். கரையில் உடனே இரண்டு சொல் பிறந்துவிடும்: ஊர் ஆக்கள், வாடி ஆக்கள். நாம் சேர்ந்திருப்பதாக உணர்கிற குழு அகக்குழு, நமக்கு வெளியே என்று எண்ணுகிற குழு புறக்குழு. வில்லியம் கிரஹாம் சம்னர் 1906இல் இந்தப் பாகுபாட்டை எழுதினார்.

எல்லை எங்கே விழும் என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. கால்பந்தாட்டத்தில் உப்புவெளியும் நகரமும் எதிரெதிர். யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கினால் இருவரும் "திருமலைப் பொடியன்கள்". தோஹாவில் வேலைக்குப் போனால் இலங்கையர் எல்லாரும் ஒரே மேசையில் சோறு சாப்பிடுவார்கள்.

எல்லை போடக் காரணம்கூடத் தேவையில்லை என்பதுதான் விசித்திரம். ஹென்றி தாஜ்ஃபெல் 1970இல் வெளியிட்ட ஆய்வில் பிரிஸ்டல் நகரப் பாடசாலைச் சிறுவர்களிடம் இரண்டு ஓவியர்களின் படங்களைக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டு, அதன்படி இரண்டாகப் பிரிப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் பிரித்தது எழுந்தமானமாக. யார் தன் பக்கம் என்று முகம்கூடத் தெரியாது. இருந்தும் சிறு தொகைகளைப் பங்கிடச் சொன்னபோது தம் பக்கத்துக்குச் சாய்த்தார்கள். தம் பக்கத்துக்குக் கிடைப்பது கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மற்றப் பக்கத்தைவிடக் கூடவேண்டும் என்றுகூடப் பலர் தெரிவு செய்தார்கள். சந்தையடியில் கடை வைத்திருக்கிற எவருக்கும் இந்த மனநிலை புதிதாக இராது.

எல்லை போட்டபின் அழிக்க முடியுமா? 1954இல் முசாஃபர் ஷெரிஃப் அமெரிக்காவின் ஒக்லஹோமாவில் 22 சிறுவர்களை இரண்டு அணியாக்கி முகாமில் வைத்தார். போட்டி வைத்ததும் கொடி எரிப்பு, தங்குமிடத்தில் புகுந்து களவு என்று பகை மூண்டது. பகை தீர இரு அணியையும் ஒன்றாகச் சாப்பிடவும் படம் பார்க்கவும் வைத்தார்கள். சாப்பாட்டை ஒருவர்மேல் ஒருவர் எறிந்ததுதான் மிச்சம். பிறகு தண்ணீர்த் தாங்கி அடைபட்டது, சாப்பாடு ஏற்றிய லொறி கிளம்ப மறுத்தது. இரண்டையும் ஒரு அணியால் தனியே தீர்க்க முடியாதபடி ஆய்வாளர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். முன்பு எதிரெதிரே நின்று இழுத்த அதே கயிற்றை லொறியில் கட்டி எல்லாரும் ஒரே பக்கம் நின்று இழுத்தார்கள். இப்படிச் சிலமுறை நடந்தபின்தான் பகை தணிந்தது. ஆய்வாளர்கள் பின்னணியில் சிறுவர்களைத் தூண்டிவிட்டார்கள் என்ற விமர்சனம் பிற்பாடு வந்தது, அதையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒன்று யோசிக்க வைக்கிறது. மேடையில் மூன்று மொழியிலும் வரவேற்புரை, பிறகு ஒன்றாக மதிய உணவு, ஒரு குழுப் படம் என்று முடிகிற நல்லிணக்க நிகழ்வுகளில் எத்தனை, சேர்ந்து இழுக்க ஒரு லொறியைக் கொடுக்கின்றன?

கை தூக்கும்போது

சங்கக் கூட்ட அறிக்கைகளில் அடிக்கடி வருகிற ஒரு வசனம், "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." கூட்டம் கலைந்து மதகடியில் நின்று பேசும்போதுதான் பாதிப்பேருக்கு விருப்பமில்லை என்று தெரியவரும்.

1950களின் தொடக்கத்தில் சொலமன் ஆஷ் ஒரு கோட்டைக் காட்டி, மற்ற மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். சிறுபிள்ளையும் சொல்லக்கூடிய கேள்வி. ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் ஆய்வாளரின் ஆட்கள், வேண்டுமென்றே ஒரே பிழையான பதிலைச் சொன்னார்கள். அந்த ஒருவர் சொன்ன பதில்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கூட்டத்தோடு சேர்ந்து பிழையானது. நாலில் மூன்று பேர் ஒருமுறையாவது கூட்டத்தோடு போனார்கள். மற்ற நாலில் ஒருவர் கடைசிவரை அசையவில்லை, இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கூட்டத்தில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், இணங்கிப்போவது வெகுவாகக் குறைந்தது. கை தூக்குவதற்குப் பதிலாகத் துண்டில் எழுதிக் கேட்டால் முடிவு ஏன் மாறுகிறது என்பதற்கும் விடை இங்கேதான்.

பாதையில் பிடித்த அறிமுகம்

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்குமுன் அந்த நீரைக் கடக்கப் பாதைதான், வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவை. ஆசிரியர், வியாபாரி, கச்சேரி எழுதுவினைஞர், வைத்தியசாலைக்குப் போகும் தாய் எல்லாரும் காத்துக் கிடப்பார்கள். தினம் பார்க்கிற முகம், பெயர்கூடத் தெரியாது, ஆனால் "இன்றைக்குப் பிந்திப்போச்சா?" என்று கேட்பார்கள்.

இப்படியான அரைகுறை அறிமுகத்துக்குத் தளர்ந்த பிணைப்பு என்று பெயர். மார்க் கிரனோவெட்டர் 1973இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கிற ஒருவர் வழியாக வேலை பெற்றவர்கள் ஆறில் ஒரு பங்கினர்தான். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கிற ஆட்கள்தான் தகவல் சொன்னார்கள். காரணம் எளிது. உங்கள் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரியும், இருவரும் ஒரே வட்டத்தில் சுற்றுகிறீர்கள். தூரத்து அறிமுகம் வேறு வட்டத்தின் செய்தியைக் கொண்டுவரும்.

பாலம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், நோயாளியை வைத்துக்கொண்டு பாதைக்குக் காத்திருந்தவர்கள் நிச்சயம் சொல்லமாட்டார்கள். ஆனால் மூன்று இனத்தவரும் ஒரே பலகையில் நின்று பேச்சுக் கொடுத்த அந்தக் காத்திருப்புக்கு ஈடாக வேறொன்று வரவில்லை என்றே எனக்குப் படுகிறது.

உருவாவதும் கலைவதும்

கடைசியாக, குழுவுக்கும் ஆயுள் உண்டு. சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் தெருவுக்குத் தெரு இளைஞர்கள் கூடி வீதியை அலங்கரிப்பார்கள். புரூஸ் டக்மன் 1965இல் சிறு குழுக்கள் வளர்கிற நாலு கட்டத்தைச் சொன்னார்: கூடுதல், மோதல், ஒழுங்குபடுதல், செயற்படுதல். தெருப் பொடியன்களிடம் நாலையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். முதல் நாள் எல்லாரும் பவ்வியமாகப் பேசுவார்கள், "நீங்க சொல்லுங்க அண்ணா" என்பார்கள். இரண்டாம் மூன்றாம் கூட்டத்தில் தோரணமா மின்விளக்கா, யார் காசு சேர்ப்பது என்று சத்தம் எழும், ஒருவர் கோபித்துக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைப்பார். இந்தக் கட்டத்தில் பயந்து குழுவைக் கலைத்துவிடுகிறவர்கள் உண்டு, அடிபாடு வந்தால் குழு கெட்டுவிட்டது என்று நினைப்பதால். பெரும்பாலும் அங்கேதான் யாருக்கு எது வகிபாகம் என்று முடிவாகிறது. பிறகு ஏணி பிடிப்பவர் ஏணி பிடிக்கிறார், வயர் இழுப்பவர் வயர் இழுக்கிறார்.

1977இல் டக்மன் இன்னொருவரோடு சேர்ந்து ஐந்தாவது கட்டத்தைச் சேர்த்தார்: கலைதல். இதற்கு நம்மிடம் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை. சாமி போனதும் ஆள் ஆளுக்கு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கடன் வாங்கிய ஏணி யாருடையது, விளக்குக்காரருக்கு எவ்வளவு பாக்கி, மிஞ்சிய காசு யாரிடம் என்று கேட்க ஆளிருக்காது. கணக்கை எழுதிச் சந்திக் கடையில் ஒட்டிவிட்டுக் கலைந்த தெருவில் அடுத்த வருடம் அதே ஆட்களைக் கூட்ட ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். ஒட்டாத தெருவில் முதல் கூட்டம் போன வருடக் கணக்கிலேயே தொடங்கி, மோதல் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சாமி வந்துவிடும்.